திவாலான கம்பெனியின் கப்பலில் வேலை பார்ப்பவர்கள்

2022 ஜனவரி 22ஆம் தேதி மயாமி துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டிய கிரிஸ்டல் சிம்ஃபனி என்ற உல்லாசக் கப்பல் கடைசி நேரத்தில் திசை மாறி, பஹாமாஸ் நாட்டின் பிமினி தீவுக்குப் போனது. எரிபொருள் சப்ளை செய்த நிறுவனம் ஒன்று, தனக்கு வர வேண்டிய சுமார் 46 லட்சம் டாலர் பாக்கிக்காக மயாமியில் வழக்குப் போட்டிருந்தது. கப்பலைக் கைது செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அமெரிக்கக் கடல் எல்லைக்குள் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால்தான் அந்தத் திருப்பம். மறுநாள் பயணிகளை ஒரு ஃபெர்ரியில் ஏற்றி, கொந்தளிப்பான கடலில் ஃபோர்ட் லாடர்டேலுக்கு அனுப்பிவைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதின. எழுதியதில் பெரும்பகுதி பயணிகளைப் பற்றி. அவர்கள் இறங்கிய பிறகும் கப்பலில் இருந்த சமையல்காரர், கேபின் ஸ்டூவர்டு, எஞ்சின் அறைக்காரர், மேடைப் பாடகர் ஆகியோருக்கு என்ன ஆயிற்று என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டது.

அந்த ஓரிரு வரிகளை விரித்துச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. கப்பல் வேலைக்கு ஆள் அனுப்பும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. பிள்ளையோ கணவரோ கப்பலுக்குப் போயிருக்கும் வீடுகளில் 'கம்பெனி திவாலாகிவிட்டது' என்ற செய்தி வந்தால், அடுத்த நொடியே 'அப்படியானால் சம்பளம் போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஆனால் 'சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்று சும்மா இருப்பதும் அதே அளவுக்குத் தவறு. இரண்டுக்கும் நடுவில் உண்மை நிலவரம் என்ன என்று பார்ப்போம்.

முதலில், கம்பெனி எப்படி விழுகிறது என்பது. அந்தக் கப்பலை ஓட்டிய கிரிஸ்டல் கம்பெனியின் தாய் நிறுவனம் கெந்திங் ஹாங்காங். கோவிட் காலத்தில் கப்பல்கள் ஓடாமல் நின்றதில் அதன் வருமானம் வற்றியது. ஜெர்மனியில் அதற்குச் சொந்தமாக இருந்த எம்.வி. வெர்ஃப்டன் கப்பல் கட்டும் தளங்கள் 2022 ஜனவரி 10 அன்று திவால் மனு கொடுத்தன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தாய் நிறுவனமே பெர்முடா நீதிமன்றத்துக்குப் போய்த் தற்காலிகக் கலைப்பு அதிகாரிகளை நியமிக்கும்படி கேட்டது. இந்தத் தொழிலுக்கு இது புதிதில்லை. 1995இல் ரீஜன்சி, 2000 செப்டம்பரில் பிரீமியர், 2001 செப்டம்பரில் ரெனைசான்ஸ், 2020 ஜூலையில் பிரிட்டனின் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் என்று பட்டியல் நீளும். உல்லாசக் கப்பல் கம்பெனி பெரும் கடனில் கப்பல் வாங்கி, பயணிகளிடம் மாதக்கணக்கில் முன்பணம் வாங்கி, அந்தப் பணத்திலேயே எரிபொருளும் சாப்பாடும் வாங்கி ஓட்டும் வியாபாரம். முன்பதிவு நின்றால் சில வாரங்களிலேயே கை காய்ந்துவிடும்.

சாதாரணத் தொழிற்சாலை திவாலானால் தொழிலாளி வீட்டுக்குப் போய்விடலாம். வர வேண்டிய சம்பளத்துக்குக் கலைப்பு அதிகாரியிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். கப்பல் ஊழியருக்கு வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒன்று. அந்த இடம் அந்நிய நாட்டுக் கரையில் நிற்கிறது. வெளியே போக விசா இல்லை. டிக்கெட் எடுத்துத் தர வேண்டியவர் போனை எடுப்பதில்லை. ஆகவே அவருடைய பிரச்சினை இரண்டாகப் பிரிகிறது: வீடு போய்ச் சேருவது ஒன்று, சம்பளம் வாங்குவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வெவ்வேறு சட்டங்கள், வெவ்வேறு கதவுகள். ஒன்றைப் பெறுவதற்காக மற்றதை விட்டுக்கொடுக்கும்படி பல இடங்களில் ஊழியர்களை நெருக்குகிறார்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

சம்பளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடல் சட்டத்தில் மிகப் பழைய, மிக வலுவான ஒரு விதி இருக்கிறது. கப்பல் ஊழியரின் சம்பளப் பாக்கி கம்பெனியின் மேல் மட்டும் நிற்கும் கடன் கிடையாது. அது கப்பலின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வழக்கறிஞர்கள் இதை மேரிடைம் லீன் என்பார்கள். நிலம் வாங்குபவர் வில்லங்கம் பார்க்காமல் வாங்கினால், பழைய கடன் நிலத்தோடு சேர்ந்து அவர் தலையில் விடிகிறது அல்லவா? இந்தச் சம்பளப் பாக்கியும் கப்பலுக்கு அப்படிப்பட்ட வில்லங்கம்தான். கப்பல் கைமாறினாலும், பெயர் மாறினாலும், கொடி மாறினாலும் கூடவே போகும். ஆனால் நில வில்லங்கத்தைப்போல எந்தப் பதிவேட்டிலும் இதை எழுதிவைக்க வேண்டியதில்லை. வேலை செய்தார், சம்பளம் வரவில்லை. அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது.

பாக்கியைக் கட்டாமல் இந்த வில்லங்கத்தைத் துடைக்க முக்கியமான வழி, நீதிமன்றம் கப்பலைக் கைது செய்து ஏலம் விடுவது. கைது என்றால் கப்பலின் கண்ணாடியில் நீதிமன்ற ஆணையை ஒட்டிவிடுவது. அதற்குப் பிறகு கப்பல் நகரக் கூடாது. உரிமையாளர் பிணையம் கட்டிக் கப்பலை மீட்காவிட்டால் ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்தவருக்குக் கப்பல் சுத்தமாகப் போய்ச் சேரும். பழைய பாக்கிகள் எல்லாம் கப்பலை விட்டு இறங்கி, ஏலப் பணத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அந்தப் பணத்தைப் பங்கிடும்போது, கப்பலைக் காவலில் வைத்திருந்த செலவு, ஏலச் செலவு போன்றவற்றை எடுத்துக்கொண்ட பிறகு ஊழியர் சம்பளம் முன்வரிசையில் நிற்கும். கோடிக்கணக்கில் கடன் கொடுத்துக் கப்பலை அடமானம் பிடித்த வங்கி அதற்குப் பின்னால்தான். எரிபொருள் கொடுத்தவர், காய்கறி கொடுத்தவர் எல்லாம் இன்னும் பின்னால். இந்தியாவில் இதை எழுத்தில் சொல்வது 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஊழியர் சம்பளத்தையும் ஊருக்குத் திரும்பும் செலவையும் முதல் இடத்தில் வைக்கிறது. உயிரிழப்புக்கான இழப்பீடுகூட அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டு. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடினாலும், நம் கடல் எல்லைக்குள் நின்றால் கைது செய்யலாம்.

திவால் சட்டம் இதை மாற்றிவிடாதா என்று கேட்கலாம். கொஞ்சம் மாற்றும். திவால் மனு கொடுத்த உடனே எல்லாக் கடன்காரர்களும் கையைக் கட்டி நிற்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம்; அமெரிக்காவின் சாப்டர் 11 திவால் முறை அப்படித்தான். அப்போது கப்பலைக் கைது செய்வதையும் நீதிமன்றம் நிறுத்திவைக்கும். ஆனால் நிறுத்திவைப்பது வேறு, அழிப்பது வேறு. உரிமை தூங்கும், சாகாது. மேலும் ஒரு நாட்டுத் திவால் நீதிமன்றத்தின் ஆணை இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் தானாகச் செல்லாது. கிரிஸ்டலின் கப்பல்களே இதற்குச் சாட்சி. தாய் நிறுவனம் பெர்முடாவில் கலைப்பில் இருந்தபோதே, சிம்ஃபனியும் செரினிட்டியும் பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் கைதாயின. மூன்றாவது கப்பலான எண்டெவர் ஜிப்ரால்டரில் கைதானது. கடன்காரர்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் வழக்குப் போடுகிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவு பலமாக இருக்கும் ஊழியர், நடப்பில் ஏன் இவ்வளவு பலவீனமாகத் தெரிகிறார்? காரணம் காலம்தான். ஏலம் முடிந்து பணம் பிரிய மாதங்கள் ஆகும். சில வழக்குகளில் வருடங்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் கப்பலுக்குச் செலவு வைக்கிறது. ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும், குடிநீர் வேண்டும், துறைமுகக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தக் காவல் செலவெல்லாம் ஏலப் பணத்தில் முதலில் கழியும் என்பதால், கப்பல் நிற்க நிற்கப் பணப்பெட்டி சுருங்குகிறது. கப்பல் பழசாக இருந்தால் பெட்டியே சின்னது. 2020இல் விழுந்த அந்த பிரிட்டிஷ் நிறுவனத்திடம் மார்கோ போலோ என்ற கப்பல் இருந்தது. 1965இல் சோவியத் பயணிகள் கப்பலாக ஓடத் தொடங்கியது. 2020 அக்டோபரில் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கும் குறைவாகத்தான் போனது. சில மாதங்களில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைப்புக்கு வந்து சேர்ந்தது. இரும்பு விலைக்குப் போகும் கப்பலில், வரிசையின் முன்னால் நிற்பது ஒன்றுதான் ஊழியரைக் காப்பாற்றும்.

கப்பலுக்குள்ளே நிலைமை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உல்லாசக் கப்பலில் ஹோட்டல் பிரிவு ஆட்கள்தான் அதிகம்: சமையல், பரிமாறல், அறை சுத்தம், பார், சலவை. பயணிகள் இறங்கிய அன்றே இவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று இவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்பப் பார்ப்பார்கள். டெக் பிரிவுக்கும் எஞ்சின் பிரிவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஆளில்லாமல் கப்பலை விட முடியாது. நங்கூரம் பிடி தளர்ந்தால், தீப்பிடித்தால் பார்க்கக் குறைந்தபட்ச ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று துறைமுகம் சொல்லிவிடும். அந்தக் கடைசிக் கூட்டம்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறது. எகிப்தின் அதபியா துறைமுகத்தில் 2017 ஜூலையில் பிடித்து வைக்கப்பட்ட எம்.வி. அமன் என்ற சரக்குக் கப்பலில், சிரியாவைச் சேர்ந்த அதிகாரி ஒருவரையே நீதிமன்றம் கப்பலுக்குச் சட்டப்படியான காவலராக நியமித்துவிட்டது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் அவர் அந்த இருட்டுக் கப்பலில் தனியாக இருந்தார். மின்சாரம் இல்லாததால் போன் சார்ஜ் போடவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்திப் போய் வந்தார். 2021 ஏப்ரலில்தான் ஊர் திரும்பினார். உரிமையாளர் கைவிட்ட கப்பலில் ஒரு நீதிமன்ற நியமனம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உல்லாசக் கப்பலில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. அழகு நிலையம், கடை, புகைப்படப் பிரிவு, இசைக்குழு ஆகியவற்றில் பலரைக் கப்பல் கம்பெனி நேரடியாக வேலைக்கு வைத்திருக்காது. வேறொரு ஒப்பந்த நிறுவனம் அனுப்பியிருக்கும். அவர்களுடைய முதலாளி திவாலாகவில்லை. ஆகவே அவர்கள் சம்பளத்தை முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். ஆனால் கப்பலில் வேலை செய்யும் எவரும் கடலோடிதான் என்று சர்வதேச உடன்படிக்கை பொதுவாக ஏற்றுக்கொள்வதால், ஊர் திரும்பும் உரிமையிலிருந்து அவர்களை ஒதுக்க முடியாது.

ஏலம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய காலப் பிரச்சினைக்காகத்தான் 2017இல் ஒரு பாதுகாப்பு வலை வந்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றியது; 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதற்கு 2014இல் கொண்டுவந்த திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் செல்லும். உரிமையாளர் கைவிட்டால் ஊழியரைக் கவனிக்கப் பணம் தயாராக இருக்கிறது என்று ஒவ்வொரு கப்பலும் காப்பீடு வைத்து நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். கப்பல் முதலாளிகள் கூட்டாக நடத்தும் பி அண்ட் ஐ கிளப்புகள்தான் பெரும்பாலும் இந்தக் காப்பீட்டைக் கொடுக்கின்றன. அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் அதிலேயே இருக்கும்.

இந்த வலை எதைத் தாங்கும்? சாப்பாடு, குடிநீர், மருத்துவம், கப்பலில் உயிர் வாழத் தேவையான எரிபொருள், ஊர் வரைக்கும் டிக்கெட், அதற்கு மேல் நான்கு மாதச் சம்பளப் பாக்கி. ஏலம் வரை காத்திருக்கத் தேவையில்லை; ஊழியரே நேராகக் காப்பீட்டாளரிடம் கேட்கலாம். கொடுத்த காப்பீட்டாளர், ஊழியருக்குக் கப்பல் மேல் இருந்த உரிமையைத் தான் எடுத்துக்கொண்டு ஏலத்தில் வசூலித்துக்கொள்வார். எப்போது கேட்கலாம் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் செலவை உரிமையாளர் தராவிட்டாலோ, சாப்பாடு இன்றி விட்டுவிட்டாலோ, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொண்டாலோ அது கைவிடல். கம்பெனி திவாலானது என்று நீதிமன்றம் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பிரீமியம் கட்டவில்லை என்று காப்பீட்டாளர் திடீரென்று விலகிவிடவும் முடியாது; கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாட்டுக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகுதான் விலகலாம்.

காப்பீடும் கைகொடுக்கவில்லை என்றால்? அப்போது கொடி நாடு ஊழியரை ஊருக்கு அனுப்பியாக வேண்டும். அதுவும் செய்யாவிட்டால், கப்பல் நிற்கும் நாடோ ஊழியரின் சொந்த நாடோ அனுப்பிவைத்துவிட்டுக் கொடி நாட்டிடம் செலவை வசூலிக்கலாம். காகிதத்தில் இந்தச் சங்கிலி அழகாக இருக்கிறது. நடப்பில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் கை காட்டும். அப்படியிருந்தும் துறைமுக நாடு மனம் வைத்தால் காரியம் நடக்கும் என்பதை 2020 கோடையில் பார்த்தோம். குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸின் கப்பல்கள் லண்டனுக்கு அருகே டில்பரியிலும் பிரிஸ்டல் பக்கத்திலும் முடங்கிக் கிடந்தன. இந்தியா மார்ச் 22 முதல் சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலேயே இருந்தார்கள். கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ் கொடி போட்டவை. ஜூன் கடைசியில் பிரிட்டனின் கடல்சார் அதிகாரிகள் ஏறிச் சோதித்தார்கள். காலாவதியான ஒப்பந்தங்கள், தாமதமான சம்பளம், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கப்பலிலேயே இருந்தவர்கள் என்று கண்டுபிடித்து ஐந்து கப்பல்களைப் பிடித்து நிறுத்தினார்கள். கம்பெனி திவாலாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே இது நடந்தது. உடன்படிக்கையை ஏற்ற ஒரு துறைமுக நாடு, தன் கொடி இல்லாத கப்பலிலும் தொழிலாளர் நிலையைப் பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். அமெரிக்கா இந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் துறைமுகங்கள் இருக்கும் நாட்டுக்கு இது பெருமை இல்லை.

வலை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதைச் சென்னைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. பார்க்கக் கூட்டம் கூடியது. கப்பலைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்தார்கள். அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் முக்கியம். பணநெருக்கடியில் இருந்த உரிமையாளரின் கப்பல் அது. வாரக்கணக்கில் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. சம்பளம் பாக்கி, சாப்பாடு, குடிநீர், எரிபொருள் எல்லாம் தட்டுப்பாடு. புயல் வந்தபோது விலகிப் போகும் நிலையில் கப்பல் இல்லை. 37 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்தது. கரையோர மீனவர்கள் அலைக்குள் போய்ப் பலரைத் தூக்கி வந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அந்த மரணங்களைப் புயலின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. அப்போது சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கே வரவில்லை; கைவிடல் காப்பீட்டுச் சான்றிதழும் கட்டாயமாக இல்லை.

வலை வந்த பிறகும் கைவிடல் குறைந்துவிடவில்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் கணக்குப்படி, 2024இல் மட்டும் 300க்கு மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கு மேற்பட்டவர்கள் கைவிடப்பட்டார்கள். அவர்களில் எந்த நாட்டினரைவிடவும் இந்தியர்களே அதிகம். பெரும்பாலானவை பழைய சரக்குக் கப்பல்கள். உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பெரியவை, பெயருள்ளவை. அவற்றின் ஊழியர்களுக்குப் பொதுவாக டிக்கெட் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, பழைய கப்பலை வேறு கம்பெனி வாங்கி அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவதும் உண்டு. அவர்களுக்கு வேறொரு இடத்தில் அடி விழுகிறது.

அந்த இடம் டிப்ஸ். உல்லாசக் கப்பலில் கேபின் ஸ்டூவர்டின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் என்ற வரி சிறியதாக இருக்கும். அதற்குக் கீழே கிராச்சுட்டி என்ற வரி. ஊரில் நாம் சொல்லும் பணிக்கொடை அல்ல அது. பயணிகளிடம் நாள் கணக்கில் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ். வீட்டுக்கு அனுப்பும் பணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியிலிருந்துதான் வருகிறது. பயணிகள் இறங்கிவிட்டால் அந்த வரி பூஜ்யம். கப்பல் கைதாகி இரண்டு மாதம் நின்றால், அந்த இரண்டு மாதத்துக்குப் பாக்கி என்று அவர் கேட்க முடிவது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. காப்பீட்டின் நான்கு மாதக் கணக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையை வைத்துத்தான். சில ஒப்பந்தங்களில் 'டிப்ஸ் குறைந்தாலும் மாதம் இவ்வளவு உறுதி' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் ஊழியரின் பாக்கி பல மடங்கு மாறிவிடும். வேலைக்குச் சேரும்போது இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம். தனியாள் கேட்டால்தான் அந்தப் பயம். மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், இந்தியர்களை அனுப்ப ஏஜென்ட்டுகளுக்கு உரிமம் கொடுக்கும்போதே, டிப்ஸ் சார்ந்த வேலைகளின் ஒப்பந்தத்தில் உறுதித் தொகை இருந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடலாம். போட வேண்டும் என்பது என் கருத்து. நான்கு மாத உச்சவரம்பும் போதாது. ஏலம் முடிய அதைவிட நீண்ட காலம் ஆகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசிவரை கப்பலைக் காக்கும் டெக், எஞ்சின் ஆட்களுக்காவது கப்பலில் இருக்கும் காலம் முழுவதையும் காப்பீடு தாங்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை, இன்று கையில் இருப்பதை வைத்து என்ன செய்வது? திவாலின் முதல் அறிகுறி பெரும்பாலும் கப்பலில் தெரிவதில்லை. வீட்டில்தான் தெரிகிறது. மாதம் தவறாமல் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி ஒரு மாதம் வராது. நகைக் கடன் வட்டிக்கு நாள் நெருங்கும். 'அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுருவாங்களாம்' என்று மகன் சொல்வான். அந்த மாதத்திலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும். இரண்டாவது மாதமும் வராவிட்டால் காப்பீட்டை அணுகும் தகுதி நெருங்கிவிட்டது என்று பொருள். இதற்குள் கப்பலில் இருப்பவர் கைபேசியில் சில படங்களை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், கடைசி மாதங்களின் சம்பளக் கணக்கு, அறிவிப்புப் பலகையில் மாட்டியிருக்கும் கைவிடல் காப்பீட்டுச் சான்றிதழ். மாதாமாதம் சம்பளக் கணக்கு எழுத்தில் தர வேண்டியது உரிமையாளரின் கடமை, கேட்டு வாங்குவதில் தவறே இல்லை. இணைய வசதிக்குப் பணம் கட்டாமல் கம்பெனி விட்டுவிட்டால் அப்புறம் படம் அனுப்ப முடியாது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊருக்குக் கிளம்பும் நாள்தான் மிக ஆபத்தானது. கப்பலிலிருந்து இறங்கும் கேங்வே பக்கத்தில் பையோடு நிற்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். 'எனக்கு வர வேண்டியது முழுவதும் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட் என்று யாராவது சொன்னால், அது சட்டத்துக்கு எதிரான மிரட்டல். ஊர் திரும்புவது தனி உரிமை, சம்பளம் தனி உரிமை. பணம் வராத நிலையில் 'வந்தது' என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால், பாக்கித் தொகையைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலை விட்டு இறங்கிவிட்டால் சம்பள உரிமை போய்விடும் என்ற பயத்தில் சிலர் இறங்க மறுத்துப் பட்டினி கிடக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இறங்கினாலும் கப்பல் மேல் இருக்கும் உரிமை அப்படியே இருக்கும். கையில் கேப்டன் கையெழுத்திட்ட பாக்கிக் கணக்கு இருந்தால் போதும்.

யாரிடம் போவது என்றால், முதலில் சான்றிதழில் இருக்கும் காப்பீட்டாளரின் எண். அடுத்து, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் ஐடிஎஃப் ஆய்வாளர். ஊழியர் சங்க உறுப்பினரா இல்லையா என்று பார்க்காமல் அவர் உதவுவார். இங்கே வீட்டில் இருப்பவர்கள் அதே வாரத்தில் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்குப் புகார் அனுப்பலாம். ஆளை அனுப்பிய ஏஜென்ட்டின் உரிம எண்ணைப் புகாரில் எழுத வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்ட் என்றால் அவரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஊழியருக்கு ஏற்படும் பண நஷ்டத்தை ஈடுகட்ட அவர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. உரிமம் இல்லாத ஏஜென்ட் வழியாக, சுற்றுலா விசாவில் போய்க் கப்பல் ஏறியவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். சேரும் முன்பே ஏஜென்ட்டின் பெயர் இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஒரு கெடுவும் இருக்கிறது. கப்பல் மேல் இருக்கும் சம்பள உரிமை என்றென்றைக்கும் நிற்காது. இந்தியச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் கப்பலைக் கைது செய்யும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அது அழிந்துவிடும். சில நாடுகளில் கெடு இன்னும் குறைவு. வேறொரு கடன்காரர் ஏற்கெனவே கப்பலைக் கைது செய்திருந்தால் ஊழியர் தனியாக வழக்குப் போட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை. ஏலப் பணத்தில் தன் பங்கைக் கேட்டு அதே நீதிமன்றத்தில் கோரிக்கை பதிவு செய்தால் போதும். கோரிக்கை கொடுக்கக் கடைசித் தேதியை நீதிமன்றம் அறிவிக்கும். அந்தத் தேதி எதுவென்று தூத்துக்குடியிலோ கன்னியாகுமரியிலோ இருக்கும் வீட்டுக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள் இறங்கும்போதே ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்துக்கொண்டு, எல்லாருக்குமாகச் சேர்ந்து ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ நியமித்துவிட்டால், அந்தத் தேதி தவறாது. செலவும் தலைக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிடும்.